மேலே ஒரு கடல், கீழே ஒரு கடல்

போர்ட் பிளேருக்குக் கப்பலில் வருபவர்கள் மின்னி பேயைக் கவனிப்பதில்லை. சென்னையிலிருந்து மூன்று நாள் ஆடி அசைந்து வந்தவர்களுக்கு ஹாடோ துறையில் கால் வைத்தால் போதும் என்றிருக்கும். ஊருக்குள் வந்துவிட்டால் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, கார்பின்ஸ் கோவ் என்று பயணத் திட்டம் நிரம்பிவிடும். துறைமுகத்தின் உட்கரையில், ஜங்ளிகாட்டை அடுத்து, கடல் நிலத்துக்குள் மடிந்து கிடக்கும் இடம் மின்னி பே. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். தமிழ்க் காதுக்கு ஏதோ மின்னும் பேய் என்பதுபோல ஒலிக்கும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. தெருப் பேச்சில் அது இன்னமும் போர்ட் பிளேர்தான்.

இந்தத் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். விடிய விடியப் பெய்த மழைக்குப் பிறகு இப்படிப்பட்ட ஒரு வளைகுடாவில் கையை விட்டுப் பார்ப்பவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கலாம். மேல்நீர் சில்லென்றிருக்கும். முழங்கை ஆழத்திலோ இடுப்பளவு ஆழத்திலோ நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சூடான நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே என்பதுதான் பள்ளிப் பாடம். அந்தப் பாடம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. மழைநீர் குளிர்ந்திருந்தாலும் அதில் உப்பில்லை. கீழே கிடக்கும் கடல்நீர் வெப்பமானதுதான், ஆனால் உப்புச் சுமையுடன் இருக்கிறது. யார் மேலே, யார் கீழே என்பதைத் தீர்மானிப்பது வெப்பமல்ல, எடை. வெப்பம் அந்த எடையை நிர்ணயிக்கும் இரண்டு காரணங்களில் ஒன்று. மற்றது உப்பு.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசல் தயாரிக்கும்போது, பாத்திரத்தில் ஒரு நல்ல முட்டையைப் போட்டுவிட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போவது பழைய வழக்கம். முட்டை காசளவு தலைகாட்டினால் கரைசல் பதமாகிவிட்டது என்று பொருள். பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி பிடித்த நெல் அடியில் தங்கும். கடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. என்ன, அது நெல்லுக்குப் பதிலாக நீரையே தரம் பிரித்து அடுக்குகிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிலோ. அந்தமான் கரையோரத்து மேற்பரப்பு நீர், 29 டிகிரி வெப்பத்தில், லிட்டருக்கு 32, 33 கிராம் உப்புடன், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 1,020 கிலோ இருக்கும். அதே கடலின் அடியாழத்து நீரை எடுத்து, அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் நிறுத்தால் 1,027 கிலோவைத் தாண்டும். மூவாயிரம் மீட்டர் ஆழத்தின் அழுத்தம் நீரை இன்னும் நெருக்கி, சுமார் பதின்மூன்று கிலோவை மேலும் கூட்டும். அதை விட்டுவிட்டால், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்துக்கு ஏழு. மளிகைக் கடைத் தராசில்கூட யாரும் சண்டை போடாத வித்தியாசம் இது. ஆனால் கடலின் நடத்தையில் பெரும்பகுதி இந்த ஏழு கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது.

வெப்ப மண்டலக் கடலில் நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரம் லிட்டரின் எடை முந்நூறு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கூடும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு சேர்ந்தாலோ முக்கால் கிலோ கூடிவிடும். அதாவது, ஒரு கிராம் உப்பு இரண்டு டிகிரிக்கும் மேற்பட்ட குளிர்ச்சிக்குச் சமம். துருவக் கடல்களில் உப்பின் கை இன்னும் ஓங்கியிருக்கும்; உறைநிலைக்கு அருகே நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் எடை மிகக் கொஞ்சமே மாறுகிறது. குளத்து நீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமானது, அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வரும் என்று படித்தது நினைவிருக்கலாம். கடல்நீருக்கு அந்த விதி பொருந்தாது. வழக்கமான உவர்ப்புள்ள கடல்நீர், மைனஸ் 1.9 டிகிரியில் உறையும்வரை, குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும், மூழ்கிக்கொண்டே இருக்கும். உலகக் கடல்களின் அடித்தளம் முழுவதும் குளிர்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

இதை முதலில் தொட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ். அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலின் தலைவர். 1751-ல் வெப்ப மண்டல அட்லாண்டிக்கில், மேலும் கீழும் மூடி கொண்ட ஒரு வாளியை ஐயாயிரம் அடிக்கும் கீழே இறக்கி நீரை எடுத்தார். மேலே பாரன்ஹீட் 84 டிகிரி கொதிக்கும்போது, கீழிருந்து வந்த நீர் 53 டிகிரியில் இருந்தது. அந்த நீரில் குளித்ததாகவும், மதுப் புட்டிகளைக் குளிர வைத்ததாகவும் அவர் மகிழ்ச்சியுடன் எழுதி அனுப்பினார். கப்பலின் கீழ்த்தட்டில் அடைபட்டவர்களின் வெக்கையைப் பற்றி அந்த மகிழ்ச்சியில் பேச்சில்லை. வெயில் காயும் கடலின் அடியில் குளிர்நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1797-ல் ரம்ஃபோர்ட் பிரபு விடை சொன்னார்: துருவங்களிலிருந்து. அங்கே குளிர்ந்து கனத்த நீர் மூழ்கி, தரையோடு தரையாக நிலநடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது.

வங்காள விரிகுடாவின் அடியிலும் அப்படி வந்த அண்டார்ட்டிகா நீர்தான் கிடக்கிறது. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வெப்பமானியை இறக்கினால் 2 டிகிரியை ஒட்டிக் காட்டும். ஆனால் அந்தமான் தீவுகளைச் சுற்றிக் கிழக்கே வந்து, அதே ஆழத்தில், அதே வெப்பமானியை இறக்கினால் கிட்டத்தட்ட 5 டிகிரி காட்டுகிறது. தீவுக் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் இன்னொரு கடல். நடுவே இருப்பது ஒரு சங்கிலித் தீவு மட்டுமே.

இந்தப் புதிரை விரிவாக ஆராய்ந்தவர் சீமோர் சூவெல் என்ற ஆங்கிலேய மருத்துவர். இந்தியக் கடல் அளவைத் துறையின் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் ஒரு விசித்திரமான பதவி இருந்தது. அதில் இருப்பவர் மாலுமிகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். மீதி நேரத்தில் கடலில் கிடைத்ததையெல்லாம் ஆராய வேண்டும். 1910-ல் அந்தப் பதவிக்கு வந்த சூவெல், பின்னாளில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநரானார். 1933-ல் ஜான் மர்ரே ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கி எகிப்தின் 'மபாஹிஸ்' கப்பலில் அரபிக் கடலுக்குப் போனவரும் இவரே. வங்காள விரிகுடா, அந்தமான் கடல் ஆகியவற்றின் ஆழ்நீர் வெப்பநிலையையும் உவர்ப்பையும் பற்றிய அவரது நீண்ட கட்டுரைகளை வங்காள ஆசியக் கழகம் வெளியிட்டது.

அவர் காலத்துக் கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆழத்தில் 5 டிகிரியைக் காட்டும் சாதாரண வெப்பமானியை மேலே இழுத்தால், வழியிலுள்ள வெந்நீர் அடுக்குகளைக் கடக்கும்போது பாதரசம் ஏறிவிடும். அதனால் நெக்ரெட்டி, ஸாம்ப்ரா என்ற லண்டன் நிறுவனத்தார் 1874-ல் கொண்டுவந்த கவிழும் வெப்பமானியைப் பயன்படுத்தினார்கள். வேண்டிய ஆழத்தில் அதைத் தலைகீழாகப் புரட்டினால் பாதரச இழை அந்த இடத்திலேயே முறிந்து, அளவைப் பூட்டி வைத்துக்கொள்ளும். கம்பியில் கட்டி இறக்கி, புரட்டி, மறுபடி சுருட்டி மேலே கொண்டுவந்து படிப்பதற்குள் மணிக்கணக்காகிவிடும். கிடைப்பது ஓர் இடத்தில், ஒரு நாளில், சில எண்கள். இன்று ஆர்கோ மிதவைகள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓய்ந்து கிடந்து, பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்து, செயற்கைக்கோளிடம் ஒப்பித்துவிட்டு மீண்டும் மூழ்குகின்றன. உலகக் கடல்களில் இப்படி நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மிதவைகள் திரிகின்றன. இந்தியாவின் பங்கை ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் கவனித்துக்கொள்கிறது.

புதிருக்கு விடை எளிமையானது. மியான்மரின் அரக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அந்தமானாகவும் நிக்கோபாராகவும் தலைகாட்டி, சுமத்ராவில் மீண்டும் கரையேறுகிறது. நாம் தீவுகள் என்பது அந்த மலையின் உச்சிகளைத்தான். இடையிலுள்ள கால்வாய்களே அந்தமான் கடலின் வாசல்கள். பிரெபாரிஸ் கால்வாய் சில நூறு மீட்டர்தான் ஆழம்; பத்து டிகிரிக் கால்வாய் ஏறக்குறைய 800 மீட்டர்; கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள வாசல்தான் மிக ஆழம், சுமார் 1,800 மீட்டர். உள்ளே கடலோ சில இடங்களில் நாலாயிரம் மீட்டரைத் தாண்டுகிறது. வாசற்படி உயரமாக இருக்கும் வீட்டில் தெருவில் ஓடும் வெள்ளத்தின் மேல்மட்டம் மட்டும்தான் உள்ளே வரும். அண்டார்ட்டிகாவின் கனத்த நீர் படிக்கு வெளியே நின்றுவிடுகிறது. படியைத் தாண்ட முடிந்த நீரே உள்ளே கொட்டிப் பள்ளத்தின் அடிவரை நிரம்பியிருக்கிறது. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் அங்கே வெப்பநிலை ஏறக்குறைய மாறுவதேயில்லை.

மேல் அடுக்குகளில் கதை நேர்மாறு. முதல் ஐம்பது மீட்டர் காற்றால் கலக்கப்பட்டு ஒரே சூடாக, 28, 29 டிகிரியில் இருக்கும். அதன் பிறகு மாடிப்படியில் தவறி விழுவதுபோல வெப்பம் சரியும். இருநூறு மீட்டரில் 15 டிகிரிக்குப் பக்கம், ஐந்நூறு மீட்டரில் 10. இந்தச் சரிவு அடுக்குதான் மேற்கடலுக்கும் கீழ்க்கடலுக்கும் இடையிலான எல்லைக்கோடு. எண்ணெயும் தண்ணீரும்போலத் தெளிவான கோடல்ல, ஆனாலும் எல்லைதான்.

எல்லைக்கோடு என்றால் அங்கே அலையடிக்கும். காற்றும் கடலும் சந்திக்கும் இடத்தில் அலை எழுவதுபோல, லேசான நீரும் கனத்த நீரும் சந்திக்கும் இடத்திலும் எழும். ஒரு வேறுபாடு உண்டு. காற்றைவிட நீர் எண்ணூறு மடங்கு கனமானது. அதனால் நீரைக் காற்றுக்குள் தூக்கப் பெரும் சக்தி வேண்டும். இரண்டு நீரடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடோ ஆயிரத்துக்கு ஏழுக்குள். தண்ணீருக்குள் தண்ணீரைத் தூக்குவது சுலபம். மேலே ஒரு சாண் அலையை எழுப்ப முடியாத சக்தி, உள்ளே பனைமர உயரத்துக்கு அலையை எழுப்பிவிடும்.

உலகிலேயே பெரிய உள்ளலைகள் சில அந்தமான் கடலில்தான் எழுகின்றன. 1965-ல் பெர்ரி, ஷிம்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமத்ராவின் வடமேற்கே 80 மீட்டர் உயரமுள்ள உள்ளலையைக் கண்டதாக எழுதினார்கள். 1980-ல் 'சயன்ஸ்' இதழில் ஆஸ்போர்ன், பர்ச் இருவரும் எழுதிய கட்டுரைதான் இவற்றை உலகப் புகழ் பெறச் செய்தது. கடல் ஆராய்ச்சி நிறுவனமல்ல, ஓர் எண்ணெய் நிறுவனம் அவர்களை அனுப்பியது என்பது சுவையான விஷயம். ஆழ்கடலில் துளைபோட நிறுத்திய கப்பலை ஏதோ ஒன்று அவ்வப்போது தள்ளுகிறதே, அது என்ன என்பதே நிறுவனத்தின் கவலை. அறுபது மீட்டர் உயர அலைகள் வினாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கப்பலுக்கு அடியில் கடந்துபோவதை அவர்கள் அளந்தார்கள். மேலே தெரிந்தது, அமைதியான கடலின் நடுவே நுரைத்துச் சலசலத்தபடி நகரும் ஒரு நீண்ட பட்டை மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாலுமிகள் மலாக்கா நீரிணையை நெருங்கும்போது இந்தச் சலசலப்புப் பட்டைகளைக் கண்டு, அடியில் பாறை இருக்கிறதோ என்று பயந்து குறிப்பெழுதி வைத்திருக்கிறார்கள். 1975-ல் அப்போலோ-சோயுஸ் விண்வெளி வீரர்கள் மேலிருந்து படமெடுத்தபோது, வரிசை வரிசையாக அந்தப் பட்டைகள் தெரிந்தன.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தத் தீவுகளில் அலை என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்களுக்குள் புகுந்த கடல் திரும்பிப் போகவேயில்லை. அந்தச் சுனாமியைவிடப் பல மடங்கு உயரமான அலைகள் கண்ணுக்குத் தெரியாமல் தீவுகளுக்குக் கிழக்கே அன்றாடம் போய்க்கொண்டிருக்கின்றன என்பதைக் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வராது. இவை கரையேறி யாரையும் அடிப்பதில்லை. அதனாலேயே செய்தியாவதில்லை.

நீருக்கடியில் வேலை உள்ளவர்களுக்கு மட்டும் இது வேறு விஷயம். 2021 ஏப்ரல் 21 அன்று இந்தோனேசியாவின் 'நங்காலா' நீர்மூழ்கிக் கப்பல் பாலித் தீவுக்கு வடக்கே 53 பேருடன் மூழ்கியது. உள்ளலை ஒன்று கப்பலைக் கீழே இழுத்திருக்கக்கூடும் என்று அந்நாட்டுக் கடற்படை அதிகாரிகள் சொன்னார்கள். எடையைத் துல்லியமாகச் சரிசெய்துகொண்டு நீரில் தொங்கும் கப்பல் அது. சுற்றியுள்ள நீரின் அடர்த்தி திடீரென்று மாறினால் மிதப்பும் மாறிவிடும். சரிவு அடுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம்: ஒலி அதில் பட்டு வளைகிறது. மேலிருந்து தேடும் சோனாரின் ஒலி வளைந்துபோவதால், அடுக்குக்குக் கீழே ஒரு நிழல் விழுகிறது. நீர்மூழ்கிகள் அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். முப்படைகளுக்கும் பொதுவான நாட்டின் முதல் கூட்டுக் கட்டளையகம் 2001-ல் போர்ட் பிளேரில்தான் அமைந்தது. மலாக்காவை நோக்கிய இந்த வாசலில் காவல் இருப்பவர்களுக்கு, நூறு மீட்டர் ஆழத்தில் இன்று என்ன வெப்பநிலை என்பது பாடப்புத்தகக் கேள்வியல்ல.

அந்தமான் கடலுக்கு மேலே இன்னொரு மூடியும் உண்டு: நன்னீர் மூடி. தமிழ் வாசகர்களுக்குப் பழகிய ஓர் அளவுகோலால் சொல்வதானால், காவிரியின் மொத்த நீர்வளம் என்று நடுவர் மன்றம் 2007-ல் கணக்கிட்டது 740 டி.எம்.சி. அதாவது 21 கன கிலோமீட்டர். அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு மாநிலங்கள் இத்தனை காலம் நீதிமன்றப் படியேறின. ஐராவதி ஆறு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 400 கன கிலோமீட்டர் நீரை அந்தமான் கடலில் கொட்டுகிறது. ஏறக்குறைய இருபது காவிரிகள். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வங்காள விரிகுடாவில் ஆயிரம் கன கிலோமீட்டருக்கும் மேல் கொட்டுகின்றன. இதன் மீது பருவமழை வேறு. இவ்வளவு நன்னீரும் உடனே கலந்துவிடுவதில்லை. உப்பு நீரின் தலைமேல் ஒரு மெல்லிய ஏடாகப் படர்ந்து நிற்கிறது. பாலாடை அடியிலுள்ள பாலின் சூட்டைக் காப்பதுபோல, இந்த நன்னீர் ஏடு சூரிய வெப்பத்தை மேலடுக்கிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கீழிருந்து குளிர்நீர் வரவும் விடுவதில்லை.

இதன் விலையைக் கரையோர மக்கள் கொடுக்கிறார்கள். புயல் என்பது கடல் வெப்பத்தைத் தின்று வளர்வது. திறந்த கடலில் புயல்காற்று நீரைக் கடைந்து, கீழிருக்கும் குளிர்நீரை மேலே கொண்டுவந்து, தன் சாப்பாட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். நன்னீர் ஏடு தடித்திருக்கும் இடத்தில் இந்தக் கடைசல் ஆழத்தை எட்டுவதில்லை. பருவமழை முடிந்த காலத்தில் வடக்கு வங்காள விரிகுடாவில் புயல் கடந்துபோன பிறகும் மேற்பரப்பு குளிராமலே இருக்கிறது என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேவசிஸ் சென்குப்தாவும் சகாக்களும் 2008-ல் எழுதினார்கள். அரபிக் கடலில் உள்ள இயற்கைத் தடை இங்கே இல்லை. 2013 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய 'ஃபைலின்' அந்தமான் பகுதியைக் கடந்து வளர்ந்த புயல்தான்.

பூமி சூடேறச் சூடேற மேலடுக்கு இன்னும் லேசாகிறது. மூடி இன்னும் இறுகுகிறது. 1960 முதல் 2018 வரையிலான அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, உலகக் கடல்களின் மேல் இரண்டாயிரம் மீட்டரில் அடுக்குகளின் இறுக்கம் ஐந்து சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடியிருப்பதாக 2020-ல் கணக்கிட்டது. ஐந்து சதவிகிதம்தானே என்று தோன்றும். கீழே உரம், மேலே வெளிச்சம் என்பது கடலின் அமைப்பு. இரண்டும் சந்தித்தால்தான் மீன். மேலேயும் கீழேயும் பேச்சுவார்த்தை குறைந்தால் வலையில் விழுவதும் குறையும். கன்னியாகுமரி முதல் கேரளம் வரை ஆடிக் காற்றுக் காலத்தில் கடல்நீர் குளிர்ந்தால் மீனவர்கள் ஏன் மகிழ்கிறார்கள் என்பதற்கும் விளக்கம் இதுதான். கீழ்நீர் மேலே வந்திருக்கிறது. சாளை மீன் பின்னால் வரும்.

துறைமுகத்துக்கு எதிரே நார்த் பே இருக்கிறது. பழைய சிவப்பு நிற இருபது ரூபாய் நோட்டின் பின்புறம், தென்னை மரங்களுக்கு அப்பால் கலங்கரை விளக்கத்துடன் தெரியுமே, அந்த இடம். நோட்டில் தெரியாதது அங்கே நீருக்கடியிலுள்ள பவளப் பாறைகள். 2010 ஏப்ரல், மே மாதங்களில் மேற்பரப்பு நீர் வழக்கத்தை மீறிச் சூடேறியபோது அவை வெளுத்தன. பவளத்தின் நிறம் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பாசி வெளியேறிவிடும். பவளம் எலும்பாக நிற்கும். போர்ட் பிளேரிலுள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் அப்போது எடுத்த கணக்கில், நார்த் பேயில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் முற்றிலும் வெளுத்திருந்தது. இப்போது ஸ்வராஜ் தீவு என்றழைக்கப்படும் ஹாவ்லாக்கில் பத்தில் ஏழு பங்கு. 1998-லும் 2016-லும் இதே துன்பம் நேர்ந்தது. சுற்றுலாப் பயணிகளைக் கண்ணாடி அடித்தளப் படகில் ஏற்றிச் சென்று பவளம் காட்டிப் பிழைப்பவர்களுக்கு இந்த ஆண்டுகள் மறக்காது.

அதே 2010-ல், அதே அந்தமான் கடலின் மறுகரையில், தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தீவுகளின் கிழக்குப் பக்கப் பவளங்கள் மோசமாக அடிவாங்கியிருந்தன. மேற்குப் பக்கத்தில் சேதம் குறைவு. வெயில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வேறுபாடு உள்ளலைகளில் இருந்தது. நிக்கோபார்ப் பக்கமிருந்து புறப்பட்ட அலைகள் மேற்குச் சரிவில் மோதி உடையும்போது, ஆழத்துக் குளிர்நீரை வாரி மேலே வீசுகின்றன. சில நிமிடங்களில் நீர் பல டிகிரி குளிர்ந்துவிடுகிறது. சாதாரண நாளில் பவளத்துக்கு அது தொந்தரவுதான். கடல் கொதிக்கும் ஆண்டில் அதுவே விசிறியாகிவிட்டது.

ஆழத்துக் குளிரைக் கரைக்குக் கொண்டுவர மனிதர்களும் முயன்றிருக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்த ஆலை, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீரைக் குழாயில் இழுக்கிறது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் காற்றகற்றிய கலத்தில் ஆவியாக்கி, ஆழத்து நீரால் அந்த ஆவியைக் குளிரச் செய்தால் குடிநீர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். மேலுக்கும் கீழுக்கும் உள்ள பதினைந்து டிகிரி வேறுபாடுதான் அதன் மூலதனம். இதே வேறுபாட்டில் மின்சாரம் எடுக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. தூத்துக்குடிக்கு அப்பால் 'சாகர் சக்தி' என்ற மிதவையில் ஒரு மெகாவாட் நிலையம் அமைக்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்றார்கள். ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலில் இறக்கி நிறுத்துவதில் திட்டம் முறிந்தது. மிதவையை 2007-ல் சென்னைக்கு அப்பால் கொண்டுபோய்க் குடிநீர் எடுத்துக் காட்டியது ஆறுதல் பரிசு. டீசலைக் கப்பலில் வரவழைத்து விளக்கெரிக்கும் போர்ட் பிளேர்போன்ற ஊர்கள் அந்தக் குழாயின் கதையைக் கொஞ்சம் கூடுதல் அக்கறையுடன் படிக்கலாம்.

மின்னி பேயில் ஏற்றமும் வற்றமும் நாளைக்கு இரண்டு முறை. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இரண்டு மீட்டர்வரை ஏறி இறங்கும். கட்டிப் போட்ட படகுகள் காலையில் ஒரு முறை சேற்றில் சாய்ந்து கிடக்கும், மதியம் நிமிர்ந்து நிற்கும். அதே நேரத்தில், அதே நிலவின் இழுப்பில், தெற்கே நிக்கோபார்க் கால்வாய்களின் வாசற்படிகள் மீது கடல் ஏறி இறங்குகிறது. படியில் இடறிய நீர் உள்ளே ஓர் அலையாக எழுகிறது. மணிக்கு ஏழு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஓட்டநடை வேகம். இருட்டில் கிழக்கே நகர்ந்து சிமிலன் பவளங்களைத் தொட அதற்கு இரண்டு, மூன்று நாட்கள் பிடிக்கும்.